மரவாசம் ஏறிய கள்ளு வினாகிரி: கல்யாண வீட்டுக்காக ஓராண்டு முன்னதாகத் தொடங்கும் வேலை

கனடாவில் வசிக்கும் என் தமக்கையின் மகன், தன் நண்பனின் திருமணத்துக்காகக் கடும் ஏல் வகைப் பியரை ஓராண்டுக்கு முன்பே வீட்டில் நொதிக்கவைத்து, வறுத்த ஓக் மரத் துண்டுகளோடு மாதக்கணக்கில் ஊறவிட்டுப் போத்தல்களில் அடைத்து வைத்திருந்தான். விடுமுறைக்கு ஊர் வந்தபோது, அடுத்த ஆவணியில் நடக்கவிருந்த தன் தங்கையின் கல்யாணத்துக்கும் அப்படியொன்றைக் கிளிநொச்சியிலேயே செய்து வைக்கலாமா என்று கேட்டான். இயலாது என்றேன். இலங்கையில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் மதுபானம் தயாரிப்பதை 1912 ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டம் தடுக்கிறது. சட்டம் இடம் கொடுத்தாலும் வெயில் இடம் கொடாது. ஏல் மதுவம் (ஈஸ்ட்) 18 முதல் 22 பாகை செல்சியஸில் அமைதியாக வேலை செய்யும். 30 பாகையைத் தாண்டிய அறையில் அதே மதுவம் கனமான அற்ககோல்களைக் கூடுதலாக உண்டாக்குவதால், ஓராண்டு வைத்திருந்தாலும் போகாத தின்னர் மணம் அதில் தங்கிவிடும். வன்னியில் சித்திரை மாதத்து அறையொன்றின் வெப்பத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அவன் விரும்பியது வெறிக்கும் பானத்தை அல்ல. ஒரு நாளுக்கென்று முன்கூட்டியே செய்து, மரவாசம் ஏற்றி, அந்த நாளில் திறக்கும் ஒரு போத்தலை. அதற்கு நம் மண்ணில் கள்ளு வினாகிரி இருக்கிறது. இங்கிலாந்தில் சிப்ஸ் மீது ஊற்றும் மோல்ட் வினாகிரியும் ஏலைக் காற்றில் புளிக்கவிட்டுப் பெற்றதுதான் என்பதால், இரண்டும் தூரத்து உறவல்ல, நெருங்கிய உறவே. புதிதாகத் தொடங்குபவர் 10 லீற்றர் அளவில் எப்படிச் செய்யலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

கள்ளு வாங்குதல்

பனையில் கள்ளு தாராளமாக ஓடுவது பெரும்பாலும் மாசிக்கும் ஆடிக்கும் இடையில். மற்ற மாதங்களில் பளைப் பக்கத்துத் தென்னங்கள்ளை நாடலாம். எனக்குப் பூநகரிப் பனங்கள்ளே விருப்பம், அதன் வினாகிரியில் கடைசிவரை ஒரு பனம்பழ வாசனை மெல்லிதாக நிற்கிறது என்று நான் நம்புவதால். எங்கே வாங்கினாலும் உரிமம் பெற்ற தவறணையிலோ பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கத்திலோ வாங்குங்கள். ஒரு வீட்டில் எத்தனை லீற்றர் வைத்திருக்கலாம், வழியில் எவ்வளவு கொண்டுபோகலாம் என்பதை அங்கேயே கேட்டு, அந்த அளவுக்குள் நின்றுகொள்ளுங்கள். வினாகிரியை விற்கும் எண்ணம் இருந்தால் மதுவரித் திணைக்களத்தில் முன்கூட்டியே விசாரிக்காமல் ஒரு முட்டியும் வாங்க வேண்டாம்.

காலையில் இறக்கிய, தண்ணீர் கலக்காத, சுண்ணாம்பு படாத கள்ளு வேண்டும். சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறக்கியது பதநீர். அது நொதிக்காமல் இருக்கவே சுண்ணாம்பு இடப்படுகிறது. போத்தலில் அடைத்து விற்கும் கள்ளில் பதப்படுத்தும் பொருள் சேர்த்ததாகச் சுட்டுத்துண்டில் எழுதியிருந்தால் அதுவும் உதவாது. பனஞ்சாற்றில் ஏறத்தாழ 10 முதல் 15 வீதம் வெல்லம், அதாவது சீனிச்சத்து, இருக்கிறது. பாளையிலிருந்து சொட்டும்போதே, முட்டியில் ஒட்டியிருக்கும் மதுவம் அந்த வெல்லத்தை அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றத் தொடங்கிவிடுகிறது. ஆகவே கள்ளு கொண்டுவரும் கானின் மூடியை இறுக்கிப் பூட்டக் கூடாது. முதல் தடவை நான் இறுக்கிப் பூட்டிய கானை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு பூநகரியிலிருந்து வந்தபோது, பரந்தனுக்குச் சற்று முன்னால் மூடி பறந்து, என் முதுகு முழுவதும் கள்ளு. அந்தக் கோலத்தில் வீதிச் சோதனையில் நின்று விளக்கம் சொன்னதை இன்னும் வீட்டார் மறக்கவில்லை.

அற்ககோல் முடியட்டும்

வாங்கிய கள்ளு 9 லீற்றரைச் சுத்தமான வெள்ளைத் துணியில் வடிகட்டி, மூடியைத் தளர்வாக வைத்த கண்ணாடிச் சாடியிலோ உணவுத்தர பிளாஸ்டிக் வாளியிலோ மூன்று நான்கு நாட்கள் நிழலில் விடுங்கள். நுரை அடங்கி, இனிப்பு முற்றாகப் போய், அடியில் வெண்சேறு படிந்த பிறகே அடுத்த கட்டம். இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். வெல்லம் மிச்சமிருக்கும்போதே புளிப்பு ஏறினால் மதுவம் பாதியில் நின்றுவிடும். வினாகிரி பலவீனமாகவும் பிசுபிசுப்பாகவும் முடியும். மேலே தெளிந்திருப்பதை 8 லீற்றர் அளவுக்கு மெதுவாகச் சரித்து எடுத்து, அடிச்சேற்றைத் தென்னை அடியில் ஊற்றிவிடுங்கள். சேறு சேர்ந்தால் சில வாரங்களில் அழுகிய மணம் கிளம்பும்.

புளிக்கவைத்தல்

இங்கே பாத்திரம் முக்கியம். இரும்பு, செப்பு, பித்தளை, அலுமினியம் எதுவும் இந்தத் திரவத்தைத் தொடக் கூடாது. அமிலம் உலோகத்தைக் கரைக்கும். கண்ணாடி, நல்ல எவர்சில்வர், உணவுத்தர பிளாஸ்டிக் ஆகியவை சரி. பாட்டி காலத்துச் சீனச் சாடி அழகுதான், ஆனால் பழைய மெருகுகளில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதை அழகுக்கு வைத்திருங்கள், அதில் வினாகிரியை வைக்காதீர்கள். 15 லீற்றர் கொள்ளும் அகன்ற வாய்ச் சாடி ஒன்றை எடுத்து, கள்ளு 8 லீற்றரோடு சூடாக்கிப் பதப்படுத்தாத இயற்கை வினாகிரி 2 லீற்றரைக் கலந்து, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாமல் விடுங்கள்.

அந்த 2 லீற்றர் இரண்டு வேலை செய்கிறது. தொடக்கத்திலேயே புளிப்பைக் கொடுத்துப் பூஞ்சணத்தைத் தடுப்பது ஒன்று; அசற்றிக் அமிலத்தை உண்டாக்கும் பற்றீரியாவைக் கொண்டுவந்து சேர்ப்பது மற்றது. ஏற்கெனவே செய்பவர் ஒருவரிடம் கேட்டால் 'தாய்' என்று சொல்லப்படும் வழுவழுப்பான படலத்தோடு கொடுப்பார். கிடைக்கவே இல்லையென்றால் கடையில் விற்கும் செயற்கை வினாகிரியைச் சேர்க்கலாம். அதில் உயிர் எதுவும் இல்லை, முதல் வேலையை மட்டும் செய்யும். இரண்டாவதற்குக் கள்ளிலும் காற்றிலும் உள்ள பற்றீரியா வரும்வரை கூடுதலாகச் சில வாரங்கள் பொறுக்க வேண்டியிருக்கும்.

மதுவத்துக்கு மாறாக, இந்தப் பற்றீரியா ஒட்சிசன் இல்லாமல் எதையும் செய்யாது. எனவே சாடிக்கு மூடி வேண்டாம். நெருக்கமாக நெய்த துணியை இரண்டு மடிப்பாகப் போட்டு நூலால் இறுக்கிக் கட்டுங்கள். கொசுவலைத் துணி போதாது, பழ ஈ அதன் கண்ணுக்குள் நுழைந்துவிடும்.

வெப்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியூர்க் குறிப்புகளில் சாடியைச் சூடான இடத்தில் வைக்கச் சொல்லியிருப்பார்கள், அதை நம்பி நம்மவர்கள் கெடுத்துக்கொள்கிறார்கள். அசற்றிக் பற்றீரியா 25 முதல் 30 பாகையில் உற்சாகமாக இருக்கும், 35 ஐத் தாண்டும்போது சோரும், 40 ஐ நெருங்கினால் பெரும்பாலும் வேலையை நிறுத்திவிடும். மீள்குடியேறிய காலத்துத் தகரக் கொட்டிலில் நான் வைத்த முதற்சாடி, ஒரு மாதம் கழித்தும் அதே கள்ளு மணத்தோடு, மேலே சாம்பல் நிறப் பூஞ்சணத்தோடு கிடந்தது. நடுப்பகலில் அந்தக் கூரைக்குக் கீழே கையை வைக்கவே முடியாது என்பதை நான் யோசித்திருக்கவில்லை. இப்போது வடக்குப் பக்கத்து விறாந்தையில், தண்ணீர்ப் பானை வைப்பதுபோல ஈர ஆற்றுமணல் மேட்டின்மீது சாடியை இருத்தி, அதைச் சுற்றி நனைத்த சணல் சாக்கைக் கட்டுகிறேன். சோளகம் வீசும் மாதங்களில் அந்த வறண்ட காற்று சாக்கின் ஈரத்தை இழுத்துக்கொண்டு போகப் போகச் சாடி சில பாகை குளிர்ந்து நிற்கும். காலையும் மாலையும் சாக்கை நனைத்தால் போதும். வாய்த்துணி நனையக் கூடாது.

ஒரு வாரம் பத்து நாளில் மேற்பரப்பில் மெல்லிய, சற்றே ஒளி ஊடுருவும் படலம் தோன்றும். அது தாய். உலர்ந்த வெள்ளைத் தூள்போல, சுருக்கம் விழுந்து படர்வது மதுவப் படலம். கெடுதல் இல்லை, கரண்டியால் எடுத்துவிட்டு, சிறிது வினாகிரி விட்டுப் புளிப்பைச் சற்றுக் கூட்டுங்கள். பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சுபோல மயிர் முளைத்திருந்தால் அது பூஞ்சணம், சாடி முழுவதையும் ஊற்றிவிட வேண்டியதுதான். மேலே உள்ளதை மட்டும் அகற்றிவிட்டுத் தொடர்ந்து பார்க்கலாம் என்று சிக்கனம் பிடிக்க வேண்டாம். படலம் தோன்றிய பின் சாடியை ஆட்டாதீர்கள், இடம் மாற்றாதீர்கள். தாய் மூழ்கினால் மேலே இன்னொன்று உண்டாகும், ஆனால் ஒரு வாரம் வீணாகும்.

எப்போது நிறுத்துவது

ஆறு முதல் பத்து வாரங்களில் கள்ளு மணம் மறைந்து மூக்கை இடிக்கும் புளிப்பு வந்துவிடும். நாக்கை மட்டும் நம்பாமல் அளந்து பார்ப்பதற்கு ஒரு வீட்டு முறை இருக்கிறது. வெற்றிலைச் சுண்ணாம்பைச் சுத்தமான மழைநீரில் கரைத்து, தெளியவிட்டு, மேல்நீரை அன்றே பயன்படுத்துங்கள். வன்னிக் கிணற்று நீரில் கல்லுச்சத்து அதிகம், அது கணக்கைக் குழப்பும். நீலக் காக்கணம்பூ நாலைந்தைச் சுடுநீரில் போட்டு நீலச்சாறு எடுங்கள். 4 வீதம் என்று அச்சிட்ட கடை வினாகிரியில் 1 மில்லிலீற்றரை ஊசியில்லாத சிரிஞ்சால் அளந்து, மழைநீர் கால் கோப்பையில் விட்டு, பூச்சாறு சில துளி சேர்த்தால் செம்மையான ஊதா நிறம் வரும். சுண்ணாம்புத் தெளிநீரைச் சிறிது சிறிதாக விட்டுவர, ஊதா நீலமாகி, பின்னர் பச்சை தட்டும் கணத்தில் நிறுத்தி, எத்தனை மில்லிலீற்றர் சென்றது என்று எழுதுங்கள். அதே வேலையை உங்கள் வினாகிரிக்கும் செய்யுங்கள். கடை வினாகிரிக்கு 15 மில்லிலீற்றரும் உங்களுடையதற்கு 18 மில்லிலீற்றரும் சென்றால், உங்களுடையதன் வலிமை 18 ஐ 15 ஆல் வகுத்து 4 ஆல் பெருக்கியது, அதாவது 4.8 வீதம். கள்ளு நன்றாக இருந்திருந்தால் 4 முதல் 5 வீதம் வரை எதிர்பார்க்கலாம், ஏனெனில் ஒரு வீத அற்ககோலிலிருந்து ஏறத்தாழ ஒரு வீத அமிலம் கிடைக்கிறது. 4 வீதத்துக்குக் குறைந்ததைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள், நாட்கணக்கில் வைத்திருக்கும் ஊறுகாய்க்கும் அச்சாறுக்கும் பயன்படுத்தாதீர்கள்.

வாரம் ஒருமுறை அளந்து, எண் ஏறுவது நின்றவுடன் காற்றை அடைத்துவிட வேண்டும். இதுதான் இந்த வேலையில் எல்லோரும் கோட்டைவிடும் இடம். அற்ககோல் தீர்ந்தபின் அதே பற்றீரியா பசி தாங்காமல் தான் செய்த அமிலத்தையே தின்று, அதைத் தண்ணீராகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றிவிடும். ஒரு வருடம் நான் வயல் வேலையில் மறந்துபோய் ஐப்பசியில் துணியை அவிழ்த்தபோது, அழகான தடித்த தாயின் கீழே சப்பென்ற மஞ்சள் தண்ணீர்தான் இருந்தது.

மரம்

ஓக் ஏன் என்று முதலில் பார்ப்போம். வெள்ளை ஓக்கின் நாளங்கள் உள்ளே அடைபட்டிருப்பதால் அதில் செய்த பீப்பாய் ஒழுகாது. வறுக்கும்போது அதன் லிக்னின் உடைந்து வனிலா வாசம் தரும் வனிலினாகிறது. அதன் துவர்ப்புச் சத்து பானத்துக்கு ஓர் உடலைக் கொடுக்கிறது. இலங்கையில் ஓக் விளைவதில்லை. ஆனால் இங்கே சாராயத்தைப் பழுக்கவைக்கும் பெரிய மரத்தாழிகள் சாவண்டலை மரத்தால் ஆனவை. சிங்களத்தில் ஹல்மில்ல என்றும், வெளிநாட்டு வணிகர்களால் திருகோணமலை மரம் என்றும் அழைக்கப்படுவது இதுதான். நம் காட்டு மரமே இந்த வேலைக்குப் பழகியிருக்கும்போது, எனக்கு ஓக்கைத் தேட மனம் வரவில்லை. ஓக்தான் வேண்டும் என்றால், வெளிநாட்டிலிருந்து வருபவர்களிடம் பியர் செய்பவர்களுக்காக விற்கும் வறுத்த துண்டுகளில் ஒரு சிறு பொதி கொண்டுவரச் சொல்லலாம்.

சாவண்டலையை அனுமதியோடு மரம் வாங்கும் தச்சுப்பட்டறையில், எண்ணெயோ மெருகுப்பூச்சோ மருந்தோ படாத சீவல் துண்டாகக் கேட்டு வாங்குங்கள். காட்டுக்குள் கத்தியோடு போக வேண்டாம். பட்டறையில் கிடப்பதெல்லாம் ஒத்துவராது. முதிரைத் தூள் பலருக்குத் தோலில் தடிப்பை உண்டாக்கும், தேக்கில் எண்ணெய் இருக்கிறது, வேம்பின் கசப்பைச் சொல்லத் தேவையில்லை. பழைய கப்பல் பலகை, கதவுச்சட்டம் போன்றவற்றை எந்த ஆசையிலும் தொடாதீர்கள்.

துண்டுகளை விரல் பருமனில் பிளந்து, கால் மணி நேரம் கொதிநீரில் போட்டு, அந்தத் துவர்த் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நிழலில் ஒரு வாரம் காயவிடுங்கள். வறுப்பதற்கு 180 பாகை அளவில் இரண்டு மணி நேரம் தேவை. வீட்டில் மின்போறணை இல்லாதவர்கள் பேக்கரிக்காரரிடம் கேட்கலாம். பாண் இறக்கிய பின் போறணை ஆறிக்கொண்டிருக்கும் நேரம் இதற்கென்றே அமைந்ததுபோல இருக்கும். உடைத்துப் பார்த்தால் உள்ளேயும் புளியங்கொட்டை நிறம் தெரிய வேண்டும். சிரட்டைக் கரித் தணலிலும் வறுக்கலாம், ஆனால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்பதால் நான் அதைக் கைவிட்டேன்.

வினாகிரியைத் துணியில் வடிகட்டி, கண்ணாடிச் சாடிகளில் கழுத்துவரை நிரப்பி, லீற்றருக்கு 3 அல்லது 4 கிராம் கணக்கில் துண்டுகளைப் போட்டு இறுக மூடுங்கள். இதற்குமேல் போடத் தோன்றும், போடாதீர்கள். குறைந்த வாசத்தை நாளடைவில் கூட்டலாம், ஏறிய துவர்ப்பை இறக்க வழியே இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு தேக்கரண்டி எடுத்து, ஐந்து மடங்கு தண்ணீர் கலந்து சுவைத்துப் பாருங்கள். முதல் மாதத்தில் அறுத்த பலகை மணம்தான் வரும், மனம் தளர வேண்டாம். இரண்டாம் மூன்றாம் மாதத்தில் அது அடங்கி, வனிலாவும் கருகிய பனங்கட்டியும் கலந்ததுபோன்ற மணம் எழும்போது துண்டுகளை எடுத்துவிட வேண்டும்.

சிறு பீப்பாய் வாங்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். 5 லீற்றர்ப் பீப்பாய் பார்வைக்கு வைக்க நல்லது. கொள்ளளவோடு ஒப்பிட அதன் உட்பரப்பு அதிகம், ஆகவே சில வாரங்களிலேயே துவர்ப்பு மிஞ்சும். நம் கோடைக் காற்றில் பலகை சுருங்கி ஒழுகும். ஒழுகாத இடத்திலும் ஆவியாகும். அந்தப் பணத்துக்கு நல்ல கண்ணாடிப் போத்தல்கள் வாங்குங்கள்.

அடைத்தல்

கொதிநீரில் கழுவிய போத்தல்களில் தெளிந்த வினாகிரியை ஊற்றி, ஒரு பெரிய தண்ணீர்ச் சட்டியில் நிறுத்தி, போத்தலுக்குள் 65 பாகை வரும்வரை மெதுவாகச் சூடாக்கி, அதே வெப்பத்தில் பத்து நிமிடம் வைத்து இறுக மூடுங்கள். இரும்பு மூடி வேண்டாம். தக்கையோ பிளாஸ்டிக் உட்பூச்சு உள்ள மூடியோ போதும். அடுத்த வருடத்துக்குத் தாய் வேண்டுமென்றால், சூடாக்காத 2 லீற்றரைத் தனியே ஒதுக்கி, எது எதுவென்று எழுதி ஒட்டிவிடுங்கள். பங்குனியில் கள்ளு வாங்கியிருந்தால் ஆனியில் புளித்து, புரட்டாசியில் மரம் எடுத்து, ஐப்பசியில் போத்தலுக்குள் போயிருக்கும். அதன் பிறகு மாரி முழுவதும் இருட்டில் கிடப்பதால் கூர்மையான புளிப்பு உருண்டு, மரவாசமும் கள்ளு வாசமும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும்.

பந்தியில்

கல்யாணத்தன்று மரக்கறிப் பந்தி என்பதால் முதல் இடம் அச்சாறுக்கு. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கரட், போஞ்சி, பப்பாசிக்காய் ஆகியவற்றை வெட்டி உப்பில் பிரட்டி வடித்து, வினாகிரியில் அரைத்த கடுகோடு கலப்பது எல்லோரும் அறிந்த முறைதான். இந்த வினாகிரிக்குச் சீனியைப் பாதியாகக் குறைத்து, அந்த இடத்தில் பனங்கட்டியைச் சீவிப் போட்டால் மரவாசம் எடுபடும். வெயிலில் வந்து இறங்கும் விருந்தினருக்கு, ஒரு லீற்றர் குளிர்ந்த தண்ணீரில் வினாகிரி 40 மில்லிலீற்றரும் பனங்கட்டி 80 கிராமும் தட்டிய இஞ்சித் துண்டொன்றும் கலந்து கொடுத்தோம். ஏல் கேட்ட மருமகனே நாலு கோப்பை குடித்தான். மறுநாள் இறைச்சிக் கறிக்கு, அடுப்பிலிருந்து இறக்கும்போது இரண்டு மேசைக்கரண்டி விட்டால் போதுமானது.

முதற்போத்தலைக் கல்யாணத்துக்கு முந்திய நாள் காலையிலேயே திறந்துவிடுங்கள். அரைத்த கடுகு வினாகிரியில் ஓர் இரவு ஊறினால்தான் அதன் கசப்பு தணியும்.